வலித்தால் இடது கை

வலித்தால் இடது கையைத் தூக்குங்க, வலிக்கலைன்னா சும்மா இருங்க, பேச வேண்டாம், என்று டாக்டர் ஷமீமா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் வாய் ஏற்கெனவே ஆவென்று திறந்து கிடந்ததால் சிரிப்பு தொண்டையோடு நின்றது. கை ஒன்று. தூக்கலாம், தூக்காமல் இருக்கலாம். இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்வரை என்னிடம் உள்ள மொழி இவ்வளவுதான். டாக்டர், உங்களுக்குத் தெரியாது, நான் ஐந்து வருடமாக இதைத்தான் படிக்கிறேன். இரண்டு பேர் இருக்கிறார்கள், விஷயத்தில் பாதி இவருக்குத் தெரியும், மீதி அவருக்குத் தெரியும், முழுசும் தெரிய வேண்டுமென்றால் அவர்கள் குறைந்தது எவ்வளவு பேசியாக வேண்டும், அதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது என்று எப்படி நிரூபிப்பது, இதுதான் என் பிழைப்பு. இப்போது எனக்கு வலி தெரியும், உங்களுக்குப் பல் தெரியும், நடுவில் ஒரு கை. இவ்வளவு நல்ல உதாரணம் என் ஆய்வேட்டில்கூட இல்லை. தலைக்கு மேலே விளக்கு கண்ணைக் கூசுகிறது, உதவிக்கு நிற்கும் பெண் எச்சில் உறிஞ்சும் குழாயைக் கடைவாய் ஓரத்தில் மாட்டிவிட்டாள், அது டம்ளரின் அடியில் மிஞ்சிய ஜூஸை உறிஞ்சுவதுபோல் சத்தம் போடுகிறது, என் பை சுவரோரம் ஸ்டூல் மேல் இருக்கிறது, பைக்குள் போன், போனுக்குள் அந்தக் கட்டுரை, கட்டுரைத் தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். பேராச்சி. வெளியே காத்திருக்கும்போது சும்மா ஒருமுறை திறந்து பார்த்தேன், அப்போதுதான் கண்ணில் பட்டது. நேற்றுவரை அங்கே இரண்டு பெயர் இருந்தது, கோவர்தனன், பேராச்சி என்று. நாங்கள் இருவரும் ஆன்லைனில் சேர்ந்து எழுதும் கோப்பு அது, என் வழிகாட்டி கோவர்தனன் சார் தன் பெயரை எடுத்துவிட்டிருக்கிறார். எடுத்ததாக ஒரு வார்த்தை எழுதவில்லை, சொல்லவில்லை. அவரைக் கூப்பிடலாம் என்று விரலை வைத்தேன், அதற்குள் அந்தப் பெண் கதவைத் திறந்து பேராச்சி யாருங்க, உள்ள வாங்க என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். கட்டுரை எழுதியவர்களின் பெயரை அகரவரிசையில்தான் போடுவோம். யார் அதிகம் செய்தார், யாருக்கு முதலில் தோன்றியது, இதெல்லாம் எங்கும் எழுத மாட்டோம், கேட்கவும் மாட்டோம். ஹாஸ்டலில் என் அறையில் இருக்கும் தபிதாவுக்கு, அவள் உயிரியல்காரி, இது விளங்கவே விளங்காது. அவள் துறையில் முதல் பெயர் உழைத்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத்துக்குச் சொந்தக்காரர், நடுவில் இருப்பவர்கள் கூட்டம். இதுவரை வந்த என் இரண்டு கட்டுரையிலும் ஆங்கில எழுத்து வரிசைப்படி சார் முன்னால், நான் பின்னால். "அப்போ நீ செகண்ட் ஆத்தர்தானே" என்பாள். இல்லடி என்று வரிசைக் கதையைச் சொன்னால், "ஆண்டாள்னு பேரை மாத்திக்கோ, எப்பவும் முதல்ல வருவே" என்பாள். இன்னொரு வழக்கமும் உண்டு, இப்போது என்னைப் படுத்துவது அதுதான். மாணவி செய்த வேலையில் தன் பங்கு பெயர் போடும் அளவுக்கு இல்லை என்று வழிகாட்டிக்குப் பட்டால், அவரே தன் பெயரை எடுத்துவிடுவார். மாணவி அதைக் கேட்க முடியாது, எதிர்பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. எங்கள் ஆட்களிடம் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. தனிப்பெயர்க் கட்டுரை. எனக்குப் பெருமையாக இருக்கிறது, நன்றாகவே பெருமையாக இருக்கிறது, நெஞ்சு நாற்காலியின் பெல்ட்டை அறுத்துக்கொண்டு வந்துவிடும்போல இருக்கிறது, நல்லவேளை இந்த நாற்காலிக்கு பெல்ட் இல்லை. ஆனால் பெயரை எடுக்க இன்னொரு காரணமும் இருக்கலாம். சுவர் விழும் என்று தெரிந்தவன் அதன் அடியில் நிற்க மாட்டான். சாருக்கு என்னைவிட ஆறேழு வயதுதான் கூடுதல், நான்தான் அவருடைய முதல் மாணவி, இந்த வருடம் அவருடைய பதவி உயர்வு கமிட்டி முன்னால் போகிறது, ஒவ்வொரு கட்டுரையும் எண்ணப்படும் வருடம். இப்படி ஒரு வருடத்தில் முழுசாகச் செய்து முடித்த கட்டுரையிலிருந்து யாராவது தன் பெயரை எடுப்பார்களா. அதுவும் பேசாமல். கேன்டீனில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறி எண்ணெய் காயும்வரை பேசுகிற மனிதர், படிக்கட்டில் ஏறும்போதும் பேசுகிற மனிதர், மூன்று நாளாக என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. போன வாரம் கடைசியாக அவர் கேட்டது ஒரே கேள்வி, அந்த மூணாவது லெம்மா நிக்குமா. நிக்கும் சார் என்றேன். லெம்மா என்றால் பெரிய முடிவுக்குப் போகும் வழியில் நட்டுக்கொள்ளும் தூண். மூன்றாவது தூண் விழுந்தால் கூரையும் விழும்.

வாயைக் கொஞ்சம் பெருசாத் திறங்க, அவ்வளவுதான், நல்லா இருக்கு. ஊசி போட்ட இடம் பக்கமாக முகம் என்னுடையதாக இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, உதடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப இன்றுதான் கடைசி. பூமியின் ஏதாவது ஒரு மூலையில் நேற்றைய தேதி மிச்சமிருக்கும்வரை வாங்கிக்கொள்வார்கள், அந்த மூலையில் நாள் முடியும்போது சென்னையில் மாலை ஐந்தரை. அனுப்பிய பிறகு பெயரைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. இந்த மாதிரி நாளில் யாராவது பல் வைத்தியத்துக்கு வருவார்களா என்றால், இந்தப் பல்லை நான் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டேன், நிரூபணம் முடியட்டும், இந்தப் பக்கம் மெல்லாமல் இருந்தால் போச்சு என்று. நேற்று அது போதும் என்று சொல்லிவிட்டது, கன்னம் வீங்கிவிட்டது. "என்ன படிக்கிறீங்க, பிஎச்டியா? கம்ப்யூட்டரா?" என்கிறார் டாக்டர் ஷமீமா. வாய்க்குள் அவருடைய இரண்டு விரல், ஒரு கண்ணாடி, ஒரு குழாய். பல் டாக்டர்கள் எல்லாரும் இப்படித்தான், பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துக் கேட்பார்கள். ம் என்றேன். "அப்போ ஏஐ-தான்." இல்லை என்று தலையாட்டினால் ட்ரில் நாக்கில் ஏறும். "இப்ப எல்லாரும் அதுதான். எங்க அக்கா பொண்ணு காலேஜ் சேரப்போறா, எந்த லேப்டாப் வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்." எனக்குத் தெரியாது டாக்டர். என் வேலைக்கு லேப்டாப் தட்டச்சு செய்ய மட்டும்தான், மற்றபடி வெள்ளைப்பலகையும் மார்க்கரும். கம்ப்யூட்டர் எதையெல்லாம் செய்யும் என்று ஊரே பேசுகிறது, நான் எதைச் செய்யவே முடியாது என்று பார்க்கிறவள். ஓர் ஊர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தெருக்களில் பாதி உங்களுக்குத் தெரியும், பாதி எனக்குத் தெரியும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழி இருக்கிறதா இல்லையா, இருவரும் போனில் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். மாற்றி மாற்றிப் பேச நிறைய முறை கிடைத்தால் கொஞ்சம் பேசினால் போதும், நீங்கள் ஒரு தெரு சொல்ல, நான் ஒரு தெரு சொல்ல, போய்ச் சேர்ந்துவிடலாம். முறையைக் குறைத்துவிட்டால் பேச்சு பெருகிவிடும், கிட்டத்தட்ட முழு ஊரையும் ஒப்பிக்க வேண்டிவரும். எவ்வளவு கெட்டிக்காரர்கள் வந்தாலும், நாளைக்குப் பிறக்கப்போகிறவர்கள் வந்தாலும், இதற்குக் கீழே முடியாது. இந்த முடியாது என்ற சொல்லை நான் நிரூபித்திருக்கிறேன் டாக்டர். ஊரில் எவ்வளவோ பேர் முடியாது என்று சொல்கிறார்கள், சோம்பலில் சொல்கிறார்கள், பயத்தில் சொல்கிறார்கள், நான் சொல்லும் முடியாதுக்கு மட்டும் காரணம் கையில் இருக்கிறது.

ட்ரில் சத்தம் மாறுகிறது, உள்ளே போய்விட்டது போலிருக்கிறது, அப்பாவின் லாரி மலையேறும்போது கியர் மாற்றுகிற சத்தம். கடையநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் போன் சின்னது, டார்ச் உள்ளது. பேசினால் காசு, ரிங் விட்டு வைத்தால் காசு இல்லை. அப்பா நாசிக்குக்கும் விஜயவாடாவுக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு போவார், அம்மாவுக்குச் சொல்லிவைத்திருந்தார், ஒரு ரிங் அடிச்சு நின்னா சரக்கு எறக்கியாச்சுன்னு அர்த்தம், ரெண்டு ரிங்னா ஊருக்குத் திரும்புதேன்னு அர்த்தம், ஒண்ணுமே வரலைன்னா ஓடிக்கிட்டு இருக்கேன், எல்லாம் சரின்னு அர்த்தம், பதறாத. போன் அடிக்கும், அம்மா கையைக் கட்டிக்கொண்டு எண்ணுவாள், எடுத்துவிடக் கூடாதே என்று எனக்குக் கை துறுதுறுக்கும். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன், எப்ப அடிக்கியன்னும் சேத்துக்கலாம்லப்பா, மணி தொடங்குன உடனே ஒரு ரிங் விட்டா மழை இல்லைன்னு வச்சுக்கிடுவோம், அரை மணிக்கு விட்டா மழைன்னு வச்சுக்கிடுவோம், அதே ஒரு ரிங்குதான, ரெண்டு சேதி போயிரும். அப்பா சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "ஏ இவளே, இந்தப் பிள்ள போன் கம்பெனிக்காரனைத் தெருவுல நிப்பாட்டிருவா போலுக்க" என்றார். அடுத்த நடையில் விஜயவாடாவிலிருந்து அரை மணிக்கு ரிங் வந்தது. மழை, என்று நான் அம்மாவிடம் அறிவித்தேன். அந்தப் பெருமை இன்றுவரை இறங்கவில்லை. கடிகாரமும் பேசும், சும்மா இருப்பதும் பேசும் என்று நான் கண்டுபிடித்தது அன்றைக்கு, அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அதற்குக் கணிதம். ஆனால் சும்மா இருப்பதை நம்பவும் முடியாது. ஒருமுறை ரிங்கே வரவில்லை, எல்லாம் சரி என்று அம்மா நிம்மதியாக மாவாட்டிக்கொண்டிருந்தாள், அப்பா அங்கே வழியில் வெள்ளத்தில் மாட்டி லாரி கூரைமேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார், போன் தண்ணீருக்குள். வந்து சொன்னதும் அம்மா அழவில்லை, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை, எல்லாம் சரி என்ற அர்த்தத்தில் இல்லை. கோவர்தனன் சாருடைய மூன்று நாளும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கிறாரா, கூரைமேல் உட்கார்ந்திருக்கிறாரா.

ட்ரில் நின்றது. டாக்டர் கையை எடுக்கவில்லை, பேசவும் இல்லை, முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் மறுபடி ஆரம்பிப்பார் என்று நான் காத்திருக்கிறேன். நான் கையைத் தூக்குகிறேனா என்று அவர் காத்திருக்கிறார். அவர் சும்மா, நான் சும்மா, குழாய் மட்டும் உறிஞ்சுகிறது. இப்போது யார் முறை. இரண்டு பேரும் சும்மா இருந்தால் என்ன கணக்கு. இரண்டு பேரும் சும்மா இருந்தால். ஐயோ. மூன்றாவது லெம்மா. அந்த இரண்டு பேர் பேசிக்கொள்ளும் எங்கள் ஆட்டத்தில் பேச்சுக்கு மட்டும்தான் செலவு, சும்மா இருக்கச் செலவு இல்லை, அதனால் கெட்டிக்காரர்கள் ஏமாற்றலாம், அப்பாவைப்போல, குறிப்பிட்ட நேரம்வரை வாயை மூடிக்கொண்டிருந்து ஒரு எழுத்து மட்டும் சொன்னால் அந்த நேரமே பெரிய சேதியாகிவிடும். அந்த ஏமாற்றை அடைக்கத்தான் மூன்றாவது லெம்மா. அதில் நான் சொல்வது, தம்பி, நீ எவ்வளவு நேரம் சும்மா இருக்கப்போகிறாயோ அந்த எண்ணை முதலிலேயே வாயால் சொல்லிவிடு, எண்ணைச் சொல்ல ஒன்றும் பெரிய செலவில்லை, கடிகாரத்தால் நீ மிச்சம் பிடித்தது அவ்வளவுதான், என்பது. செலவை யார் தலையில் எழுதினேன். பேசியவர் தலையில். இரண்டு பேரும் சும்மா இருக்கும்போது யார் முதலில் பேசப்போகிறார் என்று யாருக்குத் தெரியும், இவர் மனசில் ஒரு நேரம் இருக்கிறது, அவர் மனசில் ஒரு நேரம் இருக்கிறது, எது முந்தும் என்று பார்க்காமல் பேசியவர் என்று யாரைச் சொல்வது. பேசாதவர் மனசில் இருந்த எண்ணுக்கு நான் கணக்கு எழுதவே இல்லை. இல்லை, எழுதவில்லை. கட்டுரையின் அந்தப் பக்கம் கண்முன்னால் நிற்கிறது, நடுவில் ஒரு சமன்பாடு, அதற்குக் கீழே இதிலிருந்து தெளிவு என்று எழுதிவைத்திருக்கிறேன். தெளிவு. என்ன தெளிவு. இதைத்தான் அவர் பார்த்துவிட்டாரா, அதனால்தான் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டாரா, என் இடது கை தானாகவே மேலே போய்விட்டது. "வலிக்குதா? அச்சச்சோ, ஏன் முன்னாடியே தூக்கல? ஊசி இன்னொண்ணு எடும்மா." பல்லில் இல்லை டாக்டர், லெம்மாவில். சொல்ல வழியில்லை. ஒரு கையால் எவ்வளவுதான் சொல்ல முடியும். எனக்கு வேண்டாத இன்னொரு ஊசி உள்ளே போகிறது, மூக்குவரை மரத்துப்போகிறது.

சரி, பதறாதே, அப்பா சொன்னதுபோல, பதறாத. முதலிலிருந்து. இவருக்கு ஓர் எண், அவருக்கு ஓர் எண். இவர் தன் எண்ணைச் சொல்லட்டும். அதைக் கேட்டு, அவருடைய எண் சிறியதென்றால் அவர் அதைச் சொல்லட்டும், இல்லையென்றால் நீயே முதல் என்று சொல்லட்டும். சிறிய எண்காரர் பேசுகிறார். ஆட்டம் அப்படியே தொடர்கிறது. செலவு என்ன. ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண். இரண்டு மடங்கு. இரண்டு மடங்கா. அட, அவ்வளவுதானா. எங்கள் துறையில் இரண்டு மடங்கு என்பது ஒன்றுமே இல்லை, பத்து மடங்கும் ஒன்றுமில்லை, ஊர் எவ்வளவு பெரிதானாலும் அதே மடங்காக நின்றால் நாங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். டாக்டர் ஷமீமாவின் பில்லுக்கு இந்தச் சட்டம் செல்லாது, லெம்மாவுக்குச் செல்லும். இரு, அவசரப்படாதே, இன்னொன்று இருக்கிறது. பிந்தப்போகிறவர் தன் எண்ணை வெளியே சொல்லிவிட்டாரே, நிஜ ஆட்டத்தில் அவர் அதைச் சொல்லியே இருக்க மாட்டாரே, தெரியக் கூடாத விஷயம் மற்றவருக்குத் தெரிந்துவிட்டதே, அதனால் ஆட்டம் கெடுமா. குழாய் உறிஞ்சுகிறது, டாக்டர் ஏதோ சின்ன ஊசிகளை ஒவ்வொன்றாக வேருக்குள் விட்டு எடுக்கிறார், வலி இல்லை, ஒரு இழுப்பு மட்டும் தெரிகிறது, கெடுமா, கெடாது. தெரிந்தவர் தெரியாததுபோல நடந்துகொண்டால் போதும். அது என்ன பெரிய வித்தை, கல்யாண வீட்டில் எல்லாரும் செய்வதுதான். அவர் பழைய ஆட்டத்தில் என்ன பேசியிருப்பாரோ அதையே பேசட்டும். கெடாது. மறுபடி ஒருமுறை, இந்த முறை மெதுவாக, இதை உடைக்க வருகிற எதிரியின் பக்கத்தில் நின்றுகொண்டு. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால். இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால். அப்போது அகரவரிசை, முன் பெயர்க்காரர் முதலில் பேசட்டும், ஏதாவது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் சரி. நிற்கிறது. இந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் நிற்கிறது, அந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் நிற்கிறது. ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஓட்டையைக் கண்டுபிடித்தவள் நான், அடைத்தவள் நான், அதுவும் வாயைப் பிளந்துகொண்டு, பேனா இல்லாமல், மல்லாக்கப் படுத்துக்கொண்டு. இப்போது எனக்குச் சாருடைய மூன்று நாளுக்கு என்ன அர்த்தம் என்பதே வேண்டாம். பாராட்டி எடுத்திருந்தாலும் சரி, பயந்து எடுத்திருந்தாலும் சரி. அவர் பெயர் இருந்தால் எல்லாரும் அவர் செய்தது என்பார்கள், பரவாயில்லை, வழக்கம் அதுதான், நானும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது, காலியாக விட்டது அவர், அதில் நான் ஒருத்தியாக நிற்பேன். தப்பு என்றால் என் தப்பு. சரி என்றால் என்னுடையது. கடையநல்லூர் லாரி டிரைவர் மாடசாமி மகள் பேராச்சி, முடியாது என்று ஒன்றைச் சொன்னாள், அது இனி எல்லாக் காலத்துக்கும் முடியாது. இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. டாக்டர் வாயில் பஞ்சைத் திணித்து, "கடிங்க, அப்படியே வச்சிருங்க" என்கிறார்.

"சூடா ஒண்ணும் குடிக்காதீங்க, மரப்பு போறவரைக்கும் எதுவும் மெல்லாதீங்க, நாக்கைக் கடிச்சுக்குவீங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார், "லேப்டாப் விஷயம் அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க" என்றார். கண்ணாடியில் பார்த்தேன், முகத்தின் ஒரு பக்கம் எனக்குச் சம்பந்தமில்லாமல் தொங்கியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முதல் வேலையாகச் சாருக்குத் தட்டினேன், லெம்மா மூன்றில் இருவரும் சும்மா இருந்தால் நான் ஒருவர் செலவைத்தான் எழுதியிருக்கிறேன், இருவர் எண்ணையும் எழுத வேண்டும், இரட்டிப்புதான், நிற்கிறது, ஒரு வரி சேர்க்கிறேன். பெயரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அனுப்பிப் பையை மூடுவதற்குள் போன் அடித்தது. "பேராச்சி, இப்பத்தான் பாத்தேன். ரெண்டு பேரும் சும்மா இருந்தா, ஆமா, ஆமா, அய்யய்யோ. எனக்கு இது தோணவே இல்லையே." நான் சார் என்றேன், ழார் என்று வந்தது. "என்னாச்சு, அழறீங்களா?" ழல்லு ழார் என்றேன். "பல்லா? ஊசியா? சரி சரி, பேசாதீங்க, நான் பேசறேன். மூணு நாளா அந்த லெம்மாவை உடைக்கத்தான் உக்காந்திருந்தேன். யார்கிட்டயும் பேசல, வீட்ல திட்டு. எங்க அடிச்சாலும் நிக்குது. அப்புறந்தான் என் பேரை எடுத்தேன். இப்ப நீங்க சொல்ற இடத்துல நான் அடிக்கவே இல்ல, அப்படி ஒரு இடம் இருக்குன்னே தெரியல. இதுக்கு மேல என் பேரை எப்படி வைக்கிறது, சொல்லுங்க. ஏன் சொல்லாம எடுத்தீங்கன்னு கேப்பீங்க. சொல்லியிருந்தா வேண்டாம் சார்னு நீங்க ஒரு மரியாதைக்குச் சொல்லியிருப்பீங்க, நானும் ஒரு மரியாதைக்கு வச்சுக்கிட்டு இருப்பேன். என் ப்ரமோஷனுக்கு இது வேணும்தான், இல்லங்கல, அதுக்காக நான் செய்யாததுல பேரு போட முடியாது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சரி, பேச வேண்டாம். ஒரு பேரே இருக்கட்டும்னா போனைக் கட் பண்ணுங்க. வேண்டாம்னா லைன்ல இருங்க, நான் பேசி ஒத்துக்க வைக்கறேன்."

என் பதில் எனக்கு நாற்காலியிலேயே தெரியும். விரல் அந்தச் சிவப்பு வட்டத்துக்கு மேலேயே நின்றது. "இருக்கீங்களா? பாருங்க, அந்த கடிகார விஷயத்தைக் கொண்டுவந்ததே நீங்க, நான் அது தேவையில்லைன்னு சொன்னவன்," என்று சார் ஆரம்பித்தார். "ரெண்டாவது வருஷம் போர்டுல நீங்க அந்த ஊர் படம் போட்டீங்க, நான் அழிக்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கா?" கீழே தெருவில் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. "இன்னும் லைன்ல இருக்கீங்களே, வேண்டாமா? மூணாவது லெம்மாவை முதல்ல நம்பாதவன் நான், அதையும் சொல்லிடறேன்," என்றார், குரலில் பதற்றம் கூடிக்கொண்டே போனது, நான் செய்ததை ஒவ்வொன்றாக எனக்கே சொல்லிக்கொண்டு வந்தார், என் முகத்தில் உயிரோடு இருந்த பாதி சிரித்துக்கொண்டிருந்தது, எதிர் பெஞ்சில் காத்திருந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை, எங்கள் ஆட்கள் இதையெல்லாம் பேசுவது வழக்கமும் இல்லை. கொஞ்ச நேரம் பேசட்டும் என்று விட்டேன். பிறகு கட் செய்தேன். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்து அந்த ஒரு வரியைச் சேர்த்து, இதிலிருந்து தெளிவு என்பதை அடித்துவிட்டு, கட்டுரையை அனுப்பினேன். அனுப்பியாயிற்று என்று திரையில் வந்ததும் அப்பா நம்பரை எடுத்து, ஒரு ரிங் போனதும் வைத்தேன்.